பார்வை மேடையிலிருந்து இறங்கி நடந்தால்

பல ஆண்டுகளாகப் பயணம் செய்து படம் எடுத்துவரும் நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “என் படங்கள் எல்லாம் ஏற்கெனவே எங்கோ பார்த்த அஞ்சலட்டைகளைப் போலவே இருக்கின்றன. யாரும் போகாத இடங்களை எப்படிக் கண்டுபிடிப்பது? போனபின் அங்கே எப்படிப் படம் எடுப்பது?” கேள்வி இரண்டாகத் தெரிந்தாலும் உண்மையில் ஒன்றுதான் என்று எனக்குப் படுவதால் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சொற்றொடரைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். யாரும் போகாத இடம் என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வது, பெரும்பாலும் யாரோ சிலர் நாள்தோறும் வேலைக்குப் போய்வரும் தெருவாகவோ, தலைமுறைகளாக ஆடு மேய்க்கும் மலைச்சரிவாகவோ இருக்கும். நாம் தேடுவது மனிதர் இல்லாத இடத்தையன்று, சுற்றுலாப் பயணி நிற்காத இடத்தைத்தான். அத்தகைய இடம் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டியதில்லை. புகழ்பெற்ற அருவியின் பார்வை மேடையிலிருந்து கீழே இறங்கி, அந்த நீர் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் நடந்தால், பெரும்பாலான ஊர்களில் கேமராவோடு நிற்பவர் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். என் அனுபவத்தில் ஒரு படத்தைப் புதியதாக்குவது நாம் கடந்த தூரம் அன்று; அந்த இடத்தில் நாம் தங்கிய நேரம்.

ஒரு துறைமுக ஊரில் நான்கு நாள்கள் தங்கியிருந்தபோது இதை நான் கற்றுக்கொண்டேன். முதல் நாள் எல்லோரையும் போலக் கலங்கரை விளக்கத்தை எடுத்தேன். இரண்டாம் நாள் முழுவதும் மழை. மூன்றாம் நாள் விடியலில், பழைய மரப்படகுகளைப் பழுதுபார்க்கும் கொட்டகை ஒன்றின் அருகே போய் நின்றேன். உள்ளே இருட்டு, வெளியே கூசும் வெளிச்சம், எடுத்த படங்கள் ஒன்றுகூடத் தேறவில்லை. ஆனால் கிழக்குப் பக்கத்துச் சன்னல் வழியே ஏறக்குறைய இருபது நிமிடங்கள் மட்டும் ஒரு ஒளிக்கற்றை வேலை மேசையின் குறுக்கே விழுந்து நகர்வதைக் கவனித்துவிட்டேன். நான்காம் நாள் அந்த இருபது நிமிடங்களுக்கு முன்பே போய்விட்டேன். வேலை செய்தவர்களுக்கும் என் முகம் பழகியிருந்தது. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தப் பயணத்தில் இன்றும் நான் வைத்திருக்கும் படங்கள் அந்த ஒரு காலையில் எடுத்த ஐந்தாறுதான். ஆகவே ஏழு நாள் பயணத்தில் ஏழு ஊர் பார்ப்பவருக்கு நான் சொல்லும் முதல் ஆலோசனை, ஐந்து ஊர்களை நீக்கிவிடுங்கள் என்பதே.

இந்த வழிக்கு ஒளிப்பட வரலாற்றிலேயே பெரிய முன்னோடி ஒருவர் இருக்கிறார். 1857-இல் பிறந்து 1927-இல் மறைந்த யூஜின் அட்ஜே, பாரிஸ் நகரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் படம் எடுத்தார். உலகமே ஐஃபெல் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், அவர் 18-க்கு 24 செ.மீ. கண்ணாடித் தகடுகளையும் பெரிய மரக் கேமராவையும் சுமந்துகொண்டு, இடிக்கப்படவிருந்த பழைய சந்துகளையும், முற்றங்களையும், மாடிப்படிக் கைப்பிடிகளையும், கடை முகப்புகளையும் பதிவுசெய்தார். ஓவியர்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் ஆவணங்களாக அவற்றை விற்றுப் பிழைத்தார். சில தோட்டங்களுக்கும் குளக்கரைகளுக்கும் வெவ்வேறு பருவங்களில் மீண்டும் மீண்டும் போனார். அவர் மறைந்தபின் பெரெனிஸ் அபோட் என்னும் ஒளிப்படக் கலைஞர் எஞ்சிய சேகரிப்பைக் காப்பாற்றினார். 1968-இல் அது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குச் சென்றது. அட்ஜே தொலைதூர நாடு எதையும் தேடிப் போகவில்லை என்பதையும், அவரிடம் ஒரு தெளிவான பொருள் இருந்தது என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும். மறையப்போகும் பழைய நகரம் என்பதே அந்தப் பொருள். எங்கே போக வேண்டும் என்பதை அது அவருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது.

எனவே இடத்தைத் தேடுவதற்கு முன் ஒரு பொருளைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஓர் ஆற்றின் மீதுள்ள எல்லாப் பாலங்கள், ஒரு மலைப்பாதையின் கடைசிப் பேருந்து நிறுத்தங்கள், கைவிடப்பட்ட இருப்புப்பாதை, உப்பளம், கல்குவாரி, கையால் எழுதிய பெயர்ப்பலகைகள், எல்லாம் பொருள்களே. “இந்த ஊரில் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்” என்று தேடினால் எல்லோருக்கும் கிடைக்கும் பத்து இடங்கள்தான் உங்களுக்கும் கிடைக்கும். “இந்த ஆறு எங்கே கடலில் சேர்கிறது, அங்கே யார் வாழ்கிறார்கள்” என்று தேடத் தொடங்கினால், எந்தப் பட்டியலிலும் இல்லாத ஊரின் பெயர் வரைபடத்தில் தானாக எழுந்து வரும்.

வரைபடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் அதை வழி காட்டும் கருவியாக மட்டுமே பயன்படுத்துகிறார்கள். ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக்கோடுகள் கொண்ட நிலவரைபடத்தை வாசிக்கக் கற்றுக்கொண்டால், கோடுகள் நெருங்கியிருக்கும் இடம் செங்குத்தானது, விலகியிருக்கும் இடம் சமமானது என்பது தெரியும். கிழக்கு நோக்கிய சரிவு காலை வெயிலையும் மேற்கு நோக்கிய சரிவு மாலை வெயிலையும் வாங்கும் என்பதால், எந்தப் பள்ளத்தாக்குக்கு எப்போது போக வேண்டும் என்பதை வீட்டிலிருந்தே முடிவுசெய்யலாம். செயற்கைக்கோள் படங்கள் இன்னும் ஒரு படி உதவுகின்றன. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 10 மீட்டர் நுணுக்கத்தில் (படத்தின் ஒரு புள்ளி 10 மீட்டர் அகல நிலத்தைக் காட்டும்), பொதுவாக ஐந்து நாள்களுக்கு ஒருமுறை நிலப்பரப்பைப் படம் பிடிக்கின்றன. அவை யாருக்கும் இலவசம். ஓர் ஏரி எந்த மாதத்தில் வற்றுகிறது, ஆற்றுமணல் திட்டு எப்போது வெளியே தெரிகிறது, வயல் எப்போது பச்சையிலிருந்து பொன்னிறமாகிறது என்பதைப் பழைய படங்களைத் தேதிவாரியாகப் புரட்டினாலே கண்டுகொள்ளலாம். வழிகாட்டி நூல் “சிறந்த பருவம்” என்று சொல்லும் மாதத்தில் அல்லாமல், உங்கள் பொருளுக்கு உகந்த மாதத்தில் போக இது வழிசெய்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த வழி பழைய ஒளிப்படங்களின் தடம் பற்றிப் போவது. அமெரிக்காவில் ஒளிப்படக் கலைஞர் மார்க் கிளெட் முதலானோர் 1977 முதல் 1979 வரை, நூறு ஆண்டுகளுக்கு முன் நில அளவைக் குழுக்களுக்காகத் திமோதி ஓ’சல்லிவன், வில்லியம் ஹென்றி ஜாக்சன் போன்றோர் எடுத்த படங்களின் இடங்களைத் தேடிச் சென்று, அதே புள்ளியில் நின்று, முடிந்தவரை அதே பருவத்தில் அதே நேரத்தில் மீண்டும் படம் எடுத்தார்கள். அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்கும் முறை எளியது, ஆனால் பொறுமையைச் சோதிப்பது. பழைய படத்தில் அருகிலுள்ள ஒரு பாறையின் விளிம்பும் தொலைவிலுள்ள ஒரு சிகரமும் எப்படி ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். நீங்கள் இடப்பக்கம் நகர்ந்தால் அருகிலுள்ள பாறை தொலைவிலுள்ள சிகரத்துக்கு வலப்பக்கமாக நகர்வதுபோல் தோன்றும். இரண்டும் படத்தில் உள்ளபடியே பொருந்தும்வரை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அடி அடியாக நகர வேண்டும். நூலகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ கிடைக்கும் ஒரு பழைய அஞ்சலட்டையை அச்சிட்டு எடுத்துக்கொண்டு இதைச் செய்து பாருங்கள். அந்தப் புள்ளியைத் தேடும் இரண்டு மணி நேரத்தில், எந்தச் சுற்றுலா வழிகாட்டியும் காட்டாத அளவுக்கு அந்த நிலத்தை உங்கள் கால்கள் அறிந்துவிடும். பழைய அஞ்சலட்டையைக் காட்டி வழி கேட்டால், ஊர்ப் பெரியவர்கள் பேசத் தொடங்கிவிடுவார்கள் என்பதும் என் அனுபவம்.

அடுத்து ஒளி. புகழ்பெற்ற இடங்களில் காட்சியே பாதி வேலையைச் செய்துவிடும். பெயரில்லாத தெருவில் ஒளிதான் முக்கால் வேலையைச் செய்ய வேண்டும். அடிவானத்தை ஒட்டியுள்ள சூரியனின் கதிர்கள், தலைக்கு மேலே நிற்கும்போது கடப்பதைவிட ஏறத்தாழ 38 மடங்கு காற்றைக் கடந்து வருகின்றன. வழியில் நீல ஒளி சிதறிப்போய்ச் சிவப்பும் மஞ்சளும் மிஞ்சுகின்றன. இதைப் பொன்னொளி நேரம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த நேரத்தின் நீளம் ஊருக்கு ஊர் மாறும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். சூரியன் வானில் மணிக்கு 15 பாகை நகர்கிறது. நிலநடுக்கோட்டருகே அது ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால், அடிவானத்துக்கு மேல் கடைசி 6 பாகையை 24 நிமிடங்களில் கடந்துவிடும். 60 பாகை அட்சரேகையில், பகலும் இரவும் சமமாக உள்ள நாள்களில், அது சாய்வாக இறங்குவதால் அதே 6 பாகைக்கு 48 நிமிடங்கள் பிடிக்கும். வட ஐரோப்பாவில் படம் எடுப்பவர் எழுதிய அறிவுரையைப் படித்துவிட்டு வெப்பமண்டல நாட்டில் நிதானமாக நடந்துபோனால், போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடும்.

அதற்காக மற்ற நேரங்களைப் புறக்கணிக்க வேண்டியதில்லை. மேகமூட்டமான நாள், மலைத்தொடரை எடுப்பவருக்குச் சலிப்பைத் தரலாம். சந்து, காடு, முகம், கைவேலை ஆகியவற்றை எடுப்பவருக்கு அதுவே வரம், ஏனெனில் வானம் முழுவதும் ஒரே விளக்காகி, கன்னங்கரிய நிழல்கள் கரைந்துவிடுகின்றன. உச்சி வெயிலிலும், ஒடுங்கிய தெருவில் எதிர்ச்சுவரில் பட்டுத் தெறிக்கும் ஒளி நிழலில் நிற்கும் முகத்தின் மீது மிக மென்மையாக விழும். உச்சி வெயிலை மோசமான நேரம் என்று ஒதுக்கியவர்கள் அந்தத் தெறிப்பொளியைப் பார்த்ததே இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஆழமற்ற நீரின் அடித்தளத்தை எடுக்கவும் நண்பகலே உகந்தது.

கருவியைப் பற்றி நிறையச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. 28 அல்லது 35 மி.மீ. குவியத்தூரம் கொண்ட ஒரே ஒரு லென்ஸ், உதிரி பேட்டரி, இரண்டு மெமரி கார்டு, மழைக்கு ஓர் உறை, இவை போதும்; கைப்பேசியும் போதும். சிறிய கருவியைக் கண்டு மனிதர்கள் மிரள்வதில்லை என்பது அதன் பெரிய நன்மை. ஒரே ஒரு தொழில்நுட்பக் குறிப்பு மட்டும்: ஃபுல் ஃபிரேம் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவுக்கு உணரி உள்ளது) 35 மி.மீ. லென்ஸைப் பொருத்தி, ஒளி நுழையும் துளையை எஃப் 8 அளவில் வைத்து, 5 மீட்டர் தொலைவுக்குக் குவியத்தை நிறுத்திவிட்டால், ஏறத்தாழ இரண்டரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் போதிய தெளிவோடு பதியும். அப்போது குவியத்தைப் பற்றிய கவலையே இல்லாமல், நடப்பதைக் கண்ணால் பார்த்து விரலால் அழுத்தலாம். அன்றன்று எடுத்ததை அன்றிரவே வேறொரு கருவியில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். ஒதுக்குப்புறமான ஊரில் தொலைந்த கார்டுக்கு மாற்று கிடைத்தாலும், தொலைந்த காலைப்பொழுது கிடைக்காது.

மனிதர்களைப் படம் எடுப்பது பற்றி இன்னும் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சுற்றுலாப் பாதைக்கு வெளியே போனதும் நம் பொறுப்பு பன்மடங்காகிறது. பெரிய சுற்றுலாத் தலத்தில் கேமரா எல்லோருக்கும் பழகிய பொருள். ஒதுங்கிய ஊரில் அது ஒருவரின் வாசலில் வந்து நிற்கும் அந்நியரின் கண். 1936-இல் கலிஃபோர்னியாவில் டோரத்தியா லாங்கே எடுத்த, குழந்தைகளோடு அமர்ந்திருக்கும் ஒரு தாயின் படம் உலகப் புகழ் பெற்றது. அந்தப் பெண்ணின் பெயரை லாங்கே கேட்டுக்கொள்ளவில்லை. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன்தான் அவர் என்பது 1978-இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது; அந்தப் படத்தால் தமக்கு எந்தப் பயனும் கிட்டவில்லை என்று அவர் வருந்தினார். அந்தப் படம் பட்டினி கிடந்தவர்களுக்கு உதவி வந்துசேரக் காரணமாயிற்று என்பதும் உண்மையே. இரண்டையும் சேர்த்தே நாம் நினைவில் வைக்க வேண்டும். நான் கடைப்பிடிப்பது இதுதான்: முதலில் கேமராவைப் பையில் வைத்துவிட்டுப் பேசுவேன், அவர் செய்யும் வேலையைப் பற்றிக் கேட்பேன், பெயர் கேட்டு எழுதிக்கொள்வேன், எடுத்த படத்தை அங்கேயே காட்டுவேன். படத்தை அனுப்புகிறேன் என்று சொன்னால் கட்டாயம் அனுப்புவேன், அனுப்ப முடியாது என்று தோன்றினால் சொல்லவே மாட்டேன். வேண்டாம் என்று ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால், தொலைவிலிருந்து பெரிய லென்ஸால் எடுப்பது திருட்டு என்றே கருதுகிறேன். குழந்தைகளைப் பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் எடுப்பதில்லை.

சட்டத்தையும் முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும். இராணுவ முகாம், எல்லைப் பகுதி, விமான நிலையம், அணை, சில நாடுகளில் பாலமும் இருப்புப்பாதையும்கூடப் படம் எடுக்கத் தடைசெய்யப்பட்டவை. 2001 நவம்பரில் கிரேக்க நாட்டில் விமானங்களைப் பார்த்துக் குறிப்பெடுக்கும் பொழுதுபோக்குக்காகச் சென்ற பிரிட்டன், நெதர்லாந்து நாட்டினர் உளவு பார்த்ததாகக் கைதானார்கள். தண்டிக்கப்பட்டு, 2002 இறுதியில் மேல்முறையீட்டில்தான் விடுதலை பெற்றார்கள். மொராக்கோ போன்ற நாடுகளுக்குள் டிரோனைக் கொண்டுபோவதற்கே தடை இருக்கிறது. கைவிடப்பட்ட ஆலை என்று நாம் நினைப்பதற்கும் உரிமையாளர் உண்டு; அத்தகைய கட்டடங்களின் தளமும் படியும் உளுத்திருக்கலாம் என்பதால், தனியே போகாமல், போகுமிடத்தையும் திரும்பும் நேரத்தையும் தங்குமிடத்தில் சொல்லிவிட்டுப் போங்கள்.

கடைசியாக, எடுத்த படத்தை வெளியிடும்போது இடத்தின் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பது. இதில் நான் பலமுறை மனம் மாறியிருக்கிறேன். 1871-இல் ஹேடன் தலைமையிலான நில அளவைக் குழுவோடு சென்று, முன்பு சொன்ன ஜாக்சன் எடுத்த படங்கள், மறு ஆண்டே யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்படத் துணைநின்றன. ஓர் இடத்தை உலகுக்குக் காட்டுவது அதைக் காப்பாற்றவும் கூடும். ஆனால் தாய்லாந்தின் மாயா விரிகுடா, ஒரு திரைப்படத்தால் புகழ்பெற்று, நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கானோர் வந்திறங்கியதில் பவளப்பாறைகள் சிதைந்து, 2018 ஜூனில் மூடப்பட்டது. 2022 ஜனவரியில்தான் கட்டுப்பாடுகளோடு மீண்டும் திறந்தார்கள். ஜப்பானின் ஃபுஜிகவாகுச்சிகோ ஊரில், ஒரு சாதாரணக் கடையின் பின்னே ஃபுஜி மலை தெரியும் காட்சியை எடுக்க வந்த கூட்டம் சாலையை அடைத்ததால், 2024 மே மாதம் இரண்டரை மீட்டர் உயரமும் 20 மீட்டர் நீளமும் கொண்ட கருந்திரையைக் கட்டி அந்தக் காட்சியையே மறைத்தார்கள். அதே ஆண்டு கியோட்டோவின் கியோன் பகுதியில் தனியார் சந்துகளுக்குள் சுற்றுலாப் பயணிகள் நுழையத் தடை வந்தது. ஃபுஜி மலை தெரியும் அந்தக் கடையை முதலில் படம் எடுத்தவருக்கு அது பட்டியலில் இல்லாத அழகான காட்சியாகத்தான் இருந்திருக்கும்.

ஆகவே இன்று நான் இடத்துக்கு இடம் வேறாக முடிவெடுக்கிறேன். பயணிகளின் வருகையை விரும்பும், அவர்களைத் தாங்கும் வசதியுள்ள ஊர் என்றால் பெயரைத் தெளிவாக எழுதுகிறேன். கூடு கட்டும் பறவை, அரிய செடி, ஒற்றையடிப் பாதை, ஒரு குடும்பத்தின் முற்றம் என்றால் மாவட்டம் அல்லது மலைத்தொடரின் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன். வெளியிடும் முன் கோப்பில் பதிந்திருக்கும் இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள். பெயரை நீங்கள் மறைத்தாலும், கைப்பேசி எடுத்த படத்துக்குள் அட்சரேகையும் தீர்க்கரேகையும் சில மீட்டர் துல்லியத்தில் எழுதப்பட்டிருக்கக்கூடும். ஊரில் பழகியவர்களிடம் “இந்த இடத்தின் பெயரைப் போடலாமா?” என்று நேராகக் கேட்டுவிடுவதையும் வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன். போடுங்கள் என்று மகிழ்ச்சியோடு சொன்னவர்களும் உண்டு, வேண்டாம் என்று கைகூப்பியவர்களும் உண்டு. முன்பு சொன்ன படகுக் கொட்டகையில் கேட்டபோது வேண்டாம் என்றார்கள். அதனால்தான் அந்தத் துறைமுகத்தின் பெயர் இந்தப் பதிலில் இல்லை.